ஐப்பசி, கார்த்திகை மழை: கொங்குப் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புரட்டாசி பிறந்தாலே வடகிழக்குப் பருவமழைப் பேச்சு தொடங்கிவிடும். டிவியில் வங்கக்கடல் படம் ஓடும். சென்னைக்கு எவ்வளவு, கடலூருக்கு எவ்வளவு, நாகைக்கு எவ்வளவு என்று விலாவாரியாகச் சொல்வார்கள். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் பக்கத்துக்குக் கடைசியில் ஒரே ஒரு வரி கிடைக்கும்: "உள் மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு காட்டில் விதை போடுவதா வேண்டாமா என்று யாரால் முடிவு செய்ய முடியும்? கடலோரத்தை மனதில் வைத்துச் சொல்லப்படும் முன்னறிவிப்பை மேற்கே இருக்கிற நாம் எப்படிப் படிக்க வேண்டும் என்று பலரும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

பருவமழை எந்தத் தேதியில் தொடங்கும்? நமக்கும் அதே தேதிதானா?

தமிழகக் கடலோரத்தில் அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்குவது இயல்பு. தென்மேற்குப் பருவமழை நாட்டை விட்டு முழுவதுமாக விலகி, காற்று கிழக்கிலிருந்து வீசத் தொடங்கி, கடலோரத்தில் பரவலாக மழை பெய்த பிறகுதான் இந்திய வானிலை ஆய்வு மையம் "தொடங்கிவிட்டது" என்று அறிவிக்கும்.

நம் பக்கம் அந்த அறிவிப்புக்காகக் காத்திருக்கக் கூடாது. கடலோரத்துக்கு நவம்பர்தான் உச்சம். கோவைக்கு ஆண்டிலேயே மழை மிகுந்த மாதம் அக்டோபர். தென்மேற்கு ஓய்ந்து வடகிழக்கு வலுக்கும் முன்பு, காற்று இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தடுமாறும் நாட்களில் வரும் இடிமழைதான் இங்கே மண்ணை நனைக்கிறது. அறிவிப்பு வரும்போது நம் மழையில் ஒரு பங்கு ஏற்கெனவே பெய்து முடிந்திருப்பதும் உண்டு. ஐப்பசி பிறந்து பத்து நாள் கழித்து உழவு ஓட்டலாம் என்று இருந்தவர்கள் ஈரத்தைத் தவறவிடுவது இதனால்தான்.

தமிழ்நாட்டுக்கு நல்ல மழை என்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் குறைவு?

இரண்டு பருவமழைக்கும் நாம் ஓரத்தில் இருக்கிறோம். தென்மேற்கு மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தன் அந்தப் பக்கத்திலேயே இறக்கிவைத்துவிடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் கொஞ்சம் சாரலும்தான் இங்கே எட்டிப் பார்க்கும். வடகிழக்கு மழையோ கடலில் பிறந்து, டெல்டாவைத் தாண்டி, திருச்சியைத் தாண்டி வர வேண்டும். வருவதற்குள் ஈரத்தில் பாதியை வழியிலேயே கொட்டிவிடும்.

கணக்கில் பார்த்தால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மாநிலத்தின் சராசரி ஏறத்தாழ 44 செ.மீ. நாகப்பட்டினத்துக்கு 80 செ.மீ.க்கு மேல். கொங்கு மாவட்டங்கள் பெரும்பாலானவற்றுக்கு 30 செ.மீ.யை ஒட்டித்தான். ஆனாலும் இந்த 30 செ.மீ. நமக்கு ஆண்டு மழையில் பாதியை ஒட்டிய பங்கு. அதில் 10 செ.மீ. குறைந்தால் தை மாதமே கிணறு காட்டிக்கொடுத்துவிடும்.

வால்பாறையை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது கோவை மாவட்டத்தில் இருந்தாலும் அதற்கு மழைக்காலம் ஆனி, ஆடி. மாவட்டச் சராசரியைப் பார்க்கும்போது வால்பாறை, சின்னக்கல்லாறு அளவுகள் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். சேர்ந்திருந்தால் சூலூருக்கும் அன்னூருக்கும் அந்த எண் பொருந்தாது.

மழை ஏன் எப்போதும் சாயங்காலமே வருகிறது?

கடலோரத்தில் இரவும் விடியற்காலையும்தான் மழை அதிகம். இரவில் தரை குளிர்ந்த பிறகும் கடல் வெதுவெதுப்பாக இருப்பதால் மேகம் கடல்மேல் கட்டி, காற்றோடு கரையேறும். இங்கே பகல் வெயில் தரையைச் சூடாக்க வேண்டும், அந்தச் சூட்டில் ஈரக்காற்று மேலெழ வேண்டும், அப்போதுதான் மேகம் திரளும். அதற்குப் பிற்பகல் ஆகிவிடும். மலையடிவாரத்தில் காற்று மலையில் மோதி எழுவதால் இன்னும் சுலபமாகத் திரளும். காலையில் வானம் பளிச்சென்று இருந்து, மதியம் புழுக்கம் தாங்கவில்லை என்றால் அன்றைக்கு மழைக்கு வாய்ப்பு அதிகம். காலையிலிருந்தே மூடாக்குப் போட்டிருந்தால் தரை சூடாகாது. அந்த மாதிரி நாளில் தூறலோடு போய்விடுவதும் உண்டு.

கடலில் தாழ்வுப் பகுதி உருவாகி அதன் மேகக்கூட்டம் நேராக நம்மேல் வரும்போது இந்த விதி செல்லாது. அப்போது எந்நேரமும் பெய்யும்.

பக்கத்துத் தோட்டத்தில் கொட்டுகிறது, எங்களுக்கு ஒரு பொட்டு இல்லை. இது ஏன்?

இடிமேகம் ஒன்றின் அகலம் சில கிலோமீட்டர்தான். அது போகும் பாதையில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்தில் 4 செ.மீ., அடுத்த ஊருக்கு வெறும் குளிர்காற்று. இதனால்தான் "ஓரிரு இடங்களில்" என்ற சொல்லை ஏளனமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்கிறோம். அந்த நாளின் நிலவரத்தை அது சரியாகத்தான் சொல்கிறது. எந்த இடம் என்பதை முதல் நாளே சொல்வது இன்றைக்கு எந்த வானிலை மையத்தாலும் ஆகாத காரியம்.

தோட்டத்தில் ஒரு மழைமானி வைத்துக்கொள்வது மிகவும் நல்லது. 1 செ.மீ. மழை என்றால் ஓர் ஏக்கருக்கு ஏறத்தாழ 40,000 லிட்டர் தண்ணீர். 12,000 லிட்டர் பிடிக்கும் லாரி மூன்று முறைக்கு மேல் வந்து ஊற்றினால்தான் அந்த அளவு ஆகும். தினமும் காலை 8.30-க்கு அளந்து குறித்துவையுங்கள். வானிலைத் துறை அளப்பதும் அதே நேரத்தில்தான் என்பதால் செய்தியில் வரும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஐந்தாறு ஆண்டுக் குறிப்பு சேர்ந்துவிட்டால், உங்கள் காட்டைப் பற்றி அதைவிட நல்ல தகவல் வேறு எங்கும் கிடைக்காது.

பருவம் தொடங்கும் முன் வெளியிடும் முன்னறிவிப்பில் "இயல்பு", "இயல்பைவிட அதிகம்" என்கிறார்களே, அதை நம்பலாமா?

எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் நம்பலாம். இந்திய வானிலை ஆய்வு மையம் செப்டம்பர் இறுதியை ஒட்டி வெளியிடும் அறிக்கை தென் தீபகற்பம் முழுவதற்கும் சேர்த்தது. தமிழ்நாடு–புதுச்சேரி, கேரளம், கடலோர ஆந்திரம், ராயலசீமை, கர்நாடகத்தின் தென் உள்பகுதி ஆகிய ஐந்தும் அதில் அடக்கம். அந்தப் பகுதியின் நீண்டகாலச் சராசரி ஏறத்தாழ 33 செ.மீ. அதில் 88 முதல் 112 சதவீதம் வரை பெய்தால் இயல்பு. நெல்லூரில் கொட்டி, நம் பக்கம் காய்ந்தாலும் அறிக்கை பலித்ததாகவே ஆகும்.

மாவட்ட வாரியாக வேண்டுமென்றால் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் காலநிலை ஆராய்ச்சி மையம் ஒவ்வொரு பருவத்துக்கும் முன்னால் வெளியிடும் அறிக்கையைப் பாருங்கள். பசிபிக் கடல் நிலவரத்தையும் பழைய மழைக் கணக்குகளையும் ஒப்பிட்டு, ஆஸ்திரேலியாவில் உருவான 'ரெயின்மேன்' என்ற மென்பொருள் வழியாக மாவட்டத்துக்கு மாவட்டம் எதிர்பார்க்கும் அளவைச் சொல்கிறார்கள். விவசாயிக்கு இதுதான் கூடுதல் பயன்.

இரண்டுமே மூன்று மாதத்தின் மொத்த அளவைத்தான் சொல்கின்றன. அந்த 30 செ.மீ. பதினைந்து நாளில் பிரிந்து பிரிந்து பெய்யுமா, இரண்டே இரவில் கொட்டி ஓடிப்போகுமா என்பதை எந்தப் பருவ முன்னறிவிப்பும் சொல்லாது. மானாவாரிக்காரருக்கு முக்கியமோ அந்தப் பிரிவுதான்.

எல் நினோ வந்தால் மழை இல்லை என்கிறார்கள். உண்மையா?

பசிபிக் கடலின் நடு, கிழக்குப் பகுதி நீர் இயல்பைவிடச் சூடாவது எல் நினோ, குளிர்வது லா நினா. தென்மேற்குப் பருவமழைக்கு எல் நினோ பெரும்பாலும் கெடுதல். வடகிழக்குக்கு அது பெரும்பாலும் நல்லது. 1997, 2015 இரண்டும் எல் நினோ ஆண்டுகள், தமிழகத்தில் மழை நிறைந்த ஆண்டுகள். 2016-ல் பசிபிக் லா நினா பக்கம் சாய்ந்திருந்தது, இந்தியப் பெருங்கடல் இருமுனையும் (அந்தக் கடலின் மேற்குக்கும் கிழக்குக்கும் உள்ள வெப்ப வேறுபாடு) எதிர்மறையாக இருந்தது. அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று.

அதை வைத்து லா நினா என்றாலே பயப்படவும் முடியாது. 2021 லா நினா ஆண்டு, ஆனால் மழை இயல்பைவிட ஏறத்தாழ 60 சதவீதம் கூடுதல். அதனால் எல் நினோ, லா நினா செய்தியை மட்டும் வைத்து விதை வாங்குவதும் வாங்காமல் விடுவதும் தவறு என்பது எங்கள் கருத்து.

புயல் வந்தால் நமக்கு மழை உண்டா?

அதிகம் குழப்பம் உள்ள கேள்வி இதுதான். புயலின் பலத்தைப் பார்க்காதீர்கள், கரையேறிய பிறகு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.

காற்று மணிக்கு 31 கி.மீ.யைத் தொட்டால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 51-ஐத் தொட்டால் ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62-ஐத் தாண்டினால் புயல், பெயரும் வைத்துவிடுவார்கள். இந்தப் படிநிலை எல்லாம் காற்றின் வேகத்தை வைத்துத்தான். எவ்வளவு தண்ணீர் கொண்டுவருகிறது என்பதை அது காட்டாது. பெயர் பெறாத ஒரு சாதாரணத் தாழ்வுப் பகுதி மெதுவாக மேற்கே நகர்ந்து வந்தால், பெரிய புயலைவிட நமக்கு அதிக மழை தந்துவிடும்.

சில ஆண்டுகளை எடுத்துப் பார்த்தால் விளங்கும். 2016 டிசம்பர் 12-ல் வர்தா சென்னையில் கரையேறி மரங்களை ஆயிரக்கணக்கில் சாய்த்தது. அப்படியும் அந்த ஆண்டுதான் மேலே சொன்ன வறட்சி ஆண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் சென்னையை மூழ்கடித்துவிட்டு ஆந்திரத்தின் பாபட்லா பக்கம் ஏறியது. அதன் மழை வடகடலோரத்தோடு நின்றது. வடக்கே வளைந்து போகும் புயல் நம் பக்கத்து ஈரக்காற்றையும் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அது போன பிறகு இங்கே சில நாள் வறண்ட காற்று வீசுவது வழக்கம். வங்கக்கடலில் புயல் என்ற செய்தியைக் கேட்டு விதைப்பை அவசரப்படுத்தியவர்கள் ஏமாறுவது இந்த மாதிரிப் புயலில்தான்.

இப்போது மறுபக்கம். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா வேதாரண்யம் அருகே கரையேறி நேர் மேற்காகத் திண்டுக்கல் வழியே கேரளத்துக்குப் போனது. டெல்டாவின் தென்னை எல்லாம் போயிற்று. உள்ளே வர வர வலுவிழந்தாலும் மலைப்பகுதி வரை மழையைக் கொண்டுவந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. கரையிலேயே நெடுநேரம் நின்று, பிறகு வலுவிழந்து மேற்கே ஊர்ந்தது. கொங்கின் வடகிழக்கு ஓரத்தை ஒட்டிய ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. பதிவானது. கடலிலிருந்து அவ்வளவு தொலைவில் உள்ள ஊர் அது. ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. புயல் கரையைக் கடந்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று டிவியை அணைத்தவர்களுக்கு அடுத்த இரண்டு நாளில்தான் வேலை இருந்தது.

ஆக, நாகப்பட்டினத்துக்கும் புதுச்சேரிக்கும் இடையே ஏறி மேற்கு நோக்கி வந்தால் நம் பக்கம் எதிர்பார்க்கலாம். சென்னைக்கு வடக்கே போனால் பெரும்பாலும் இல்லை. குமரிக்கடல், மாலத்தீவு பக்கம் தாழ்வு நிலை இருந்தால் கிழக்குக் காற்று வலுத்து, உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம் பக்கம் மழைக்கு வாய்ப்பு கூடும். அரபிக்கடலில் ஒரு சுழற்சி இருந்து அது நம்மைக் கடந்து கிழக்குக் காற்றை இழுக்கும் நாட்களையும் கவனியுங்கள், நல்ல மழை அப்போதும் வரும்.

மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை என்றால் என்ன?

மஞ்சள் என்றால் கவனமாக இரு. ஆரஞ்சு என்றால் தயாராகு. சிவப்பு என்றால் உடனே நடவடிக்கை எடு. 24 மணி நேரத்தில் 6.5 செ.மீ.யை ஒட்டித் தொடங்கி 11.5 செ.மீ. வரை கனமழை, அதற்குமேல் 20.4 செ.மீ. வரை மிகக் கனமழை, அதையும் தாண்டினால் அதி கனமழை. எச்சரிக்கை மாவட்டம் முழுவதற்கும் சேர்த்து வருவதால், நீலகிரி, கோவைக்கு ஆரஞ்சு என்றால் மலையும் மலையடிவாரமுமே முதல் இலக்கு. கருமத்தம்பட்டியில் வெயில் அடிக்கிறதே என்று அதைப் பொய் என்று சொல்லிவிட வேண்டாம்.

மானாவாரிக் காட்டில் எப்போது விதைப்பது?

ஒரு உழவு மழை கிடைத்தவுடன் விதைக்கலாமா என்று கேட்பார்கள். புரட்டாசிக் கடைசியில் பெய்யும் முதல் மழைக்கே விதைத்துவிட்டு, அடுத்த மழை இருபது நாள் தள்ளிப்போனால் முளைத்த பயிர் கருகிவிடும். அதற்குப் பயந்து இரண்டாவது, மூன்றாவது மழை வரை காத்திருந்தால் கார்த்திகைக் கடைசியில் மழை நின்று, கதிர் பிடிக்கும்போது ஈரம் இருக்காது. இரண்டில் எது பெரிய ஆபத்து என்றால், நம் பகுதியில் தாமதம்தான் என்போம். டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு இங்கே நம்பும்படியான மழை குறைவு. அக்டோபர் ஈரத்தை விட்டவருக்குப் பிடிக்க வேறு மழை இல்லை.

செம்மண் காட்டில் ஈரம் சீக்கிரம் போய்விடும். அங்கே மாட்டுக்குத் தட்டு வேண்டுமென்று சோளம் விதைப்பவர்கள் முதல் நல்ல மழையிலேயே போட்டுவிடுவது மேல். சோளம் ஓரளவு காய்ச்சலைத் தாங்கும், அடுத்த மழைக்குத் துளிர்த்துவிடும். கொள்ளுக்கு அவசரமில்லை, ஐப்பசி பாதி வரை பார்க்கலாம். கரிசலில் கொண்டைக்கடலை போடுபவர்கள் மழை ஓய்ந்து வரும் நாட்களைப் பார்க்க வேண்டும். அது மண்ணில் தங்கிய ஈரத்திலும் பனியிலும் வளரும் பயிர், விதைத்த பின் அடைமழை பிடித்தால் அழுகிவிடும். கோழித் தீவனத்துக்காக உடுமலை, பல்லடம் பக்கம் பரவலாகப் போடும் மக்காச்சோளம்தான் இருப்பதிலேயே மென்மையானது. பூக்கும் தருணத்தில் பத்து நாள் ஈரமில்லாமல் போனால் கதிரில் மணி பிடிக்காது. உயிர்த்தண்ணி விட ஒரு பண்ணைக்குட்டையாவது இல்லாத இடத்தில் முழுக் காட்டையும் மக்காச்சோளத்துக்கு விடாமல், பாதியைச் சோளத்துக்கும் பயறுக்கும் விடுவது எங்கள் யோசனை.

விதைப்பதற்கு முன் அடுத்த ஐந்து நாள் முன்னறிவிப்பைப் பாருங்கள். பெருமழை வருமென்று இருந்தால் இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். விதைத்த அன்றே 6 செ.மீ. பெய்தால் மண் இறுகி முளைப்பு கெட்டுவிடும்.

மஞ்சளும் சின்ன வெங்காயமும் இருக்கின்றன. மழை அதிகமானால் என்ன செய்வது?

வடிகால், வடிகால், வடிகால். மஞ்சள் வைகாசி, ஆனியில் நட்டது, ஐப்பசி கார்த்திகையில் கிழங்கு பருக்கும். அந்த நேரத்தில் இரண்டு நாள் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகல் பிடித்துக்கொள்ளும், பிறகு எந்த மருந்தும் பெரிதாக உதவாது. மழைக்கு முன்பே வாய்க்கால் எடுத்து, தண்ணீர் எந்த வழியாகப் பள்ளத்துக்கு இறங்கும் என்று பார்த்துவையுங்கள். சின்ன வெங்காயத்துக்கு மேட்டுப்பாத்தி. தொடர்ந்து மூடாக்கும் தூறலுமாக இருந்தால் திருகல் நோய் வரும், வேளாண் அலுவலரைக் கேட்டு முன்கூட்டியே தெளிப்பதுதான் வழி.

காங்கேயம் பக்கத்துக் கொப்பரைக் களங்களுக்கு இது கெட்ட காலம். வெயில் இல்லாமல் பருப்பு கருத்துப் பூசணம் பிடித்தால் விலை இறங்கும். ஐந்து நாள் முன்னறிவிப்பில் வெயில் இருக்கும் நாட்களைப் பார்த்துத் தேங்காய் உடைப்பதைத் திட்டமிடுங்கள்.

பவானிசாகர், அமராவதி, மேட்டூர் எல்லாம் இந்த மழையில்தான் நிரம்புமா?

அணைக்கு அணை வேறு. மேட்டூரைப் பெரும்பாலும் நிரப்புவது குடகு, வயநாடு பக்கத்துத் தென்மேற்கு மழை. பவானிசாகருக்கும் ஆடி, ஆவணியில் நீலகிரியிலிருந்து வரும் தண்ணீர்தான் அடித்தளம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரியின் கிழக்குச் சரிவில் பெய்யும் மழை அதை மேலும் ஏற்றும். அந்த அணையின் முழு உயரம் 105 அடி. அக்டோபர் இறுதி வரை 102 அடி அளவில் வைத்துக்கொண்டு மிச்சத்தை ஆற்றில் விடுவார்கள். திடீர் வெள்ளம் வந்தால் தாங்க இடம் வேண்டும் என்பதற்கான விதி அது. அணை நிறையும் முன்பே தண்ணீரை வீணாக்குகிறார்கள் என்று ஒவ்வோர் ஆண்டும் எழும் கோபத்துக்கு இதுதான் விளக்கம்.

கீழ்பவானி வாய்க்கால் 200 கி.மீ. நீளம், 2 லட்சத்து 7 ஆயிரம் ஏக்கர் பாசனம். ஆகஸ்ட் நடுவில் நன்செய்க்கு விட்ட தண்ணீர் டிசம்பரில் நிற்கும். நெல் அறுப்பும் அப்போதுதான். கடைசிப் புயல் மழை அந்த நேரத்தில் வந்தால் கதிர் சாய்ந்துவிடும் என்பதால், வாய்க்கால் பாசனக்காரர்கள் நவம்பர் இறுதி முன்னறிவிப்பை விதைப்புக்காரர்களைவிடக் கூடுதல் அக்கறையோடு பார்க்க வேண்டும்.

அமராவதிக்கு இரண்டு பருவமும் கைகொடுக்கும்.

குளம், குட்டைக்குத் தண்ணீர் வருமா?

நம் பகுதியில் பள்ளம் (சிற்றோடை) ஓடினால்தான் குட்டை நிறையும், பள்ளம் ஓட ஒரே மூச்சில் பெருமழை வேண்டும். சிறு சிறு மழையை மண்ணே குடித்துவிடும். 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்ட அத்திக்கடவு – அவினாசித் திட்டம் இந்த இடத்தில் ஓர் ஆறுதல். காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியில் வரும் உபரி நீரில் ஆண்டுக்கு 1.5 டிஎம்சியை (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) குழாய் வழியாக ஏற்றி, கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்கு விடுவது அதன் நோக்கம். அறுபது ஆண்டுக்கு மேலாகக் கேட்டு வாங்கிய திட்டம் அது. ஆற்றில் உபரி இருந்தால்தான் அதுவும் ஓடும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் ஊர்க் குட்டையின் வரத்துப் பள்ளத்தில் முள்ளும் குப்பையும் அடைத்திருந்தால் புரட்டாசிக்குள் எடுத்துவிடுங்கள்.

இந்த மாதங்களில் ஊட்டி, ஏற்காடு போகலாமா?

போகலாம், ஆனால் நாளைப் பார்த்துப் போங்கள். மேட்டுப்பாளையம் – குன்னூர் மலைப்பாதையில் மண் சரிந்து மலை ரயில் நிறுத்தப்படுவது இந்தக் காலத்தில் அடிக்கடி நடப்பது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்து நீலகிரி முழுக்க நிலச்சரிவு ஏற்பட்டது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆரஞ்சோ சிவப்போ அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். விடுதிக்குக் கட்டிய முன்பணம் போனால் போகட்டும்.

வீட்டில், ஊரில் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் சுவர். 2019 டிசம்பர் 2 விடியற்காலையில் மேட்டுப்பாளையம் அருகே நடூரில் மழையில் ஊறிய உயரமான சுற்றுச்சுவர் வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் இறந்தார்கள். மழை நம் பக்கம் குறைவு என்பதால் சுவருக்கு வடிகால் துளை வைப்பதையே பலர் மறந்துவிடுகிறார்கள். தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்தால் பழைய மண்சுவர், கருங்கல் சுவர் ஓரமாக யாரும் படுக்க வேண்டாம், மாட்டையும் கட்ட வேண்டாம்.

அடுத்தது இடி. இங்கே அக்டோபர் மழை இடிமழை. தென்னை மரத்தடியில் ஒதுங்குவது உயிருக்கு ஆபத்து. இடி முழங்கும்போது ஈரக்கையோடு மோட்டார் ஸ்டார்ட்டரைத் தொடாதீர்கள், ஆடு மாடுகளைக் கம்பிவேலி ஓரம் விடாதீர்கள். புனே வெப்பமண்டல வானிலை நிறுவனத்தின் 'தாமினி' செயலி பக்கத்தில் மின்னல் விழுவதைக் காட்டும்.

கோவை நகரில் அரை மணி நேர மழைக்கே லங்கா கார்னர் போன்ற ரயில்வே சுரங்கப்பாலங்களில் தண்ணீர் நின்றுவிடும். தண்ணீரின் ஆழம் தெரியாமல் வண்டியை இறக்க வேண்டாம். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

தீபாவளி அன்று மழை வருமா?

நான்கைந்து நாளுக்கு முன்பு கேளுங்கள், சொல்லலாம். அதற்கு முன்பே தேதி போட்டுச் சொல்கிற வீடியோக்களை நம்பித் துணிக்கடைக்காரரும் பட்டாசுக் கடைக்காரரும் முடிவெடுக்க வேண்டாம்.

பயிர்க் காப்பீடு செய்ய வேண்டுமா?

செய்யுங்கள். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் ராபி பருவ உணவுப் பயிருக்கும் எண்ணெய் வித்துக்கும் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம், தோட்டக்கலை, வணிகப் பயிருக்கு 5 சதவீதம். கடைசித் தேதி பயிருக்குப் பயிர், மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும். அடங்கல் (பயிர் விவரச் சான்று) வாங்க விஏஓ அலுவலகத்தில் கூட்டம் சேருவதற்கு முன்பே போய்விடுவது நல்லது. ஆலங்கட்டி மழை போல உங்கள் இடத்தில் மட்டும் சேதம் என்றால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஊரில் இல்லை என்றால், குத்தகைக்கு ஓட்டுபவரே படம் எடுத்து வைத்துக்கொள்ளட்டும்.

எந்த முன்னறிவிப்பைப் பார்ப்பது?

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட வாரி அறிவிப்பை முதலில் பாருங்கள். விவசாயத்துக்கு 'மேகதூத்' செயலி: செவ்வாய், வெள்ளிகளில் வெளியாகும் வேளாண் வானிலை அறிவுரை அதில் கிடைக்கும். மழை இப்போது எங்கே பெய்கிறது என்று தெரிய ராடார் படம். பொள்ளாச்சி, கோவைக்குக் கொச்சி ராடாரும், கரூர், நாமக்கல்லுக்குக் காரைக்கால் ராடாரும் உதவும். சமூக ஊடகங்களில் எழுதும் வானிலை ஆர்வலர்களில் உள்ளூர் நிலவரம் நன்கு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களையும் படியுங்கள், எச்சரிக்கை விஷயத்தில் மட்டும் அரசு அறிவிப்பே கடைசி.

மழை எப்போது முடியும்?

டிசம்பர் பாதியில் நம் பக்கம் ஓய்ந்து பனி இறங்கத் தொடங்கும். கடலோரத்தில் மாதக் கடைசி வரை நீளும், சில ஆண்டுகளில் ஜனவரியிலும். 2021 ஜனவரியில் பொங்கல் நேரத்தில் பெய்த மழையில் டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் முளைத்தே போயிற்று. அதனால் மஞ்சள் வேகவைத்துக் காயப்போடுகிறவர்களும் சோளத்தட்டைப் போர் போடாமல் காட்டில் விட்டிருப்பவர்களும் தை பிறக்கும் வரை தார்ப்பாயைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.